சீட்டுல என்எஸ் 2ன்னு எழுதிருக்குது, அப்படின்னா என்னங்க?

போன வாரம் வேலந்தாவளத்துல இருந்து சித்தப்பா பையன் வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ அனுப்பிச்சான். சித்திக்கு பொள்ளாச்சில கண்புரைக்கு கண்ணு காட்டிட்டு வந்த சீட்டு. சாஞ்சு சாஞ்சு ஓடுற கையெழுத்துல வலது கண்ணுக்கு "என்எஸ் 2+, பிஎஸ்சி 1+", இடது கண்ணுக்கு "எஸ்எம்சி", அவ்வளவுதான். கூடவே ஒரு வாய்ஸ் நோட்டு, "ண்ணா, இது எத்தனாவது ஸ்டேஜுன்னு சொல்லுங்ணா, டாக்டருகிட்ட கேக்கறதுக்குள்ள அடுத்த டோக்கன கூப்ட்டுட்டாங்க"ன்னு. நான் 14 வருசமா கண்ணாடி பவர் பாக்குற வேலைல இருக்கறவன், கேரளா பக்கம் கொழிஞ்சாம்பாறைல குடியிருந்துட்டு தெனமும் தமிழ்நாட்டு பார்டர் தாண்டி போய்ட்டு வர்றவன், இந்த கேள்விய வாரத்துக்கு நாலு பேராச்சும் கேட்டுருவாங்க, அதனால ஒரு தடவ உக்காந்து எழுதியே வெச்சுரலாம்னு தோணுச்சு.

மொதல்ல அந்த "ஸ்டேஜ்"ங்கற வார்த்தைய தூக்கி வெளிய போடுங்க. அதக் கேட்டாலே ஜனம் கேன்சர் மாதிரி நெனச்சு பயந்துக்குது. கண்புரைக்கு போடறது கிரேடு. கண்ணுக்குள்ள எந்த எடத்துல மங்கியிருக்குது, எவ்வளவு மங்கியிருக்குது, இந்த ரெண்டத்தான் டாக்டர் சுருக்கி ரெண்டு மூணு எழுத்துல எழுதறாரு. ஆபரேசன் பண்ணோணுமா வேண்டாமாங்கறது அந்த எழுத்துல இல்ல, பாதிப் பேரு இங்கதான் கொழம்பறாங்க.

பேரே எங்க பக்கம் ஒரு கொழப்பந்தான். நம்ம புரைங்கறோம், பாலக்காட்டுப் பக்கம் மலையாள டாக்டர் "திமிரம்"ம்பாரு. ஒரு தடவ பாலக்காட்டு சித்தூர்ல ஒரு பாட்டிகிட்ட "அம்மே, திமிரமாணு"ன்னு சொன்னதுக்கு அது வெளிய வந்து மருமகள்ட்ட "எனக்கு திமிருன்னு சொல்றான் அந்த டாக்டரு, நீ சொல்லிக் குடுத்தியா"ன்னு கேட்டுச்சு, நெசமா, நான் பக்கத்து பெஞ்சுலதான் இருந்தேன். அப்பறம் "கண்ணுல பூ விழுந்துருச்சு"ன்னு ஒண்ணு சொல்லுவாங்க, அது பெரும்பாலும் வேற சமாச்சாரம். பூங்கறது கருவிழிக்கு மேல, கண்ணாடி மாதிரி இருக்கற கார்னியால, புண்ணாகி ஆறுன வெள்ளத் தழும்பு. புரை அதுக்கும் உள்ள, பாப்பாவுக்கு, அதாவது கண்ணு நடுவுல வெளிச்சம் உள்ள போற கருப்பு ஓட்டைக்கு, பின்னால இருக்கற லென்சுல வர்றது. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் வெள்ளையாத்தான் தெரியும், ஆனா லென்ச மாத்துனா பூ போகாது. அதனால வீட்லயே டார்ச் அடிச்சுப் பாத்து முடிவு பண்ணிராதீங்க.

சரி, லென்சுக்கு வருவோம். எல்லா மனுசனுக்கும் பொறக்கும்போதே கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்குது, பெரியவங்களுக்கு குறுக்க ஒரு 9 மில்லிமீட்டர், தடிமன் 4, 5 மில்லிமீட்டர், பெரும்பகுதி தண்ணியும் புரோட்டீனுந்தான். அந்த புரோட்டீன் ஒழுங்கா அடுக்கியிருக்கற வரைக்கும் வெளிச்சம் தடையில்லாம உள்ள போகும், வயசாக ஆக அது கட்டி கட்டியா சேந்துக்கும், மஞ்சளாகும், மங்கும். அதுதான் புரை, வெளிய இருந்து ஒரு தோல் வந்து மூடிக்கறது இல்ல, லென்சே மங்கறது. இது புரிஞ்சா இன்னொண்ணும் புரிஞ்சுரும், சொட்டு மருந்து ஊத்தி கரைக்கறேன்னு சொல்றவங்ககிட்ட எதுக்கு காசு குடுக்கக்கூடாதுன்னு.

எங்கூருக்கு பக்கத்துல முதலமடை இருக்குது, மாம்பழத்துக்கு பேர் போன ஊரு, அதனால மாங்காய வெச்சே சொல்றேன். நடுவுல கொட்டை, சுத்தி சதை, மேல தோலு. லென்சும் அதே வடிவந்தான். நடுக்கொட்டைல மங்குனா அதுக்கு என்எஸ், நியூக்ளியர் ஸ்கிளீரோசிஸ். சதைப்பக்கம் மங்குனா கார்ட்டிக்கல், சீட்டுல "சி"ன்னு மட்டும் போடுவாங்க. பின்பக்கத் தோலுக்கு ஒட்டுனாப்புல உள்பக்கமா மங்குனா பிஎஸ்சி, சில பேரு வெறும் "பி"ம்பாங்க. ஒரே கண்ணுல மூணும் சேந்தும் இருக்கும், அப்ப ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி நம்பர். சித்தியோட வலது கண்ணுல கொட்டையும் பின்தோலும் மங்கியிருக்குது, அதுதான் அந்த "என்எஸ் 2+, பிஎஸ்சி 1+".

கொட்டைல வர்றதுதான் வயசானவங்களுக்கு ரொம்ப சாதாரணமா வர்றது, மெதுவா வர்றது. நுங்கு சாப்புட்டுருப்பீங்க, எளசா இருக்கும்போது தண்ணியாட்டம் ஒளி ஊடுருவும், வெரல வெச்சா வழுக்கும், முத்த முத்த கெட்டியாகி வெள்ளையாகி கடைசில பல்லு படாது. லென்சும் முத்தும், ஆனா வெள்ளைக்கு முன்னாடி மஞ்சள் வழியா போகும். நான் புதுசா சேந்த பசங்களுக்கு சொல்லித் தர்றப்ப சாயா கணக்குல சொல்லுவேன்: 1ன்னா எலுமிச்சம்பழ ஜூஸ்ல ரெண்டு சொட்டு சாயா விட்ட மாதிரி, 2 நல்லா தெளிவா மஞ்சள், 3 தேன் நெறம், 4 நம்ம பார்டர் கடைல தர்ற பால் ஊத்தாத கட்டன் சாயா. அதுக்கும் மேல போய் கருப்பட்டி நெறத்துல ஆனதும் பாத்துருக்கேன், அத பிரவுன் கேட்டராக்ட், பிளாக் கேட்டராக்டும்பாங்க. இது என் சொந்தக் கணக்கு, புஸ்தகத்துல சாயா எல்லாம் கெடையாது, ஆனா ஒரு பயலும் மறக்கமாட்டான்.

இத எப்படி பாக்கறாங்கன்னா, மொதல்ல கண்ணுல மருந்து ஊத்தி அரைமணி நேரம் உக்கார வெப்பாங்க, பாப்பா விரியறதுக்கு. அந்த அரைமணி நேரத்துக்குத்தான் எல்லாரும் சண்ட போடறது, "பஸ்ஸு போயிரும், சும்மா அப்படியே பாருங்க"ன்னு. பாப்பா விரியாம பாத்தா லென்சோட நடுப்பக்கம் கொஞ்சந்தான் தெரியும், ஓரத்துல இருக்கறது பூராவும் மறைஞ்சுக்கும், சின்ன சாவி ஓட்டை வழியா வீட்டுக்குள்ள எத்தன பேரு இருக்காங்கன்னு எண்ணற மாதிரி. அதனால மருந்து ஊத்தாம போட்ட கிரேட நான் பெருசா நம்பமாட்டேன். அப்பறம் ஸ்லிட் லேம்ப், தாடைய வெச்சு நெத்திய ஒட்ட வெச்சு உக்கார சொல்லுவாங்கல்ல அந்த மிசின்தான். அதுல இருந்து வெளிச்சத்த ஒரு கோடு மாதிரி மெல்லிசா ஆக்கி 45 டிகிரி சாய்வா உள்ள விடுவாங்க. தேங்காய ஒடச்சு வெட்டுமுகத்த பாக்கற மாதிரி லென்சோட குறுக்கு வெட்டு அப்படியே தெரியும், முன்னாடி தோலு, சதை, நடுவுல கொட்டை, பின்னாடி தோலு, ஒவ்வொண்ணும் வேற வேற பளபளப்புல. மொதத் தடவ பாத்தப்ப நான் கண்ணெடுக்காம அஞ்சு நிமிசம் பாத்துட்டே இருந்தேன், பேஷண்டுதான் "தம்பி கழுத்து வலிக்குது"ன்னு சொல்ல வேண்டியதா போச்சு.

கொட்டைய சாய்வு வெளிச்சத்துல பாக்கறாங்கன்னா, சதையும் பின்தோலும் பாக்கறதுக்கு வேற டெக்னிக். வெளிச்சத்த நேரா உள்ள விட்டா அது கண்ணோட அடில விழித்திரைல பட்டு செவப்பா திரும்பி வரும். போட்டோ எடுக்கறப்ப பிளாஷ்ல கண்ணு செவப்பா விழுமே அதே செவப்பு. அந்த செவப்பு பின்னணில புரை இருக்கற எடம் மட்டும் கருப்பா நிக்கும். சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி ஓரத்துல இருந்து நடுவ பாத்து நீட்டி நீட்டி வந்தா கார்ட்டிக்கல். நடுவுல தூசி படிஞ்ச மாதிரி, ரொட்டித் தூள் கொட்டுன மாதிரி இருந்தா பிஎஸ்சி.

கார்ட்டிக்கல் ஓரத்துலயே இருக்கற வரைக்கும் ஆளுக்கு ஒண்ணுந் தெரியாது, கம்பி நடுவுக்கு வந்தாத்தான் எதுத்தாப்புல வர்ற லைட்டெல்லாம் செதறும். அது போதும் அதப்பத்தி.

பிஎஸ்சிதான் வில்லங்கம் புடிச்சது. அளவுல சின்னது, ஆனா ஒக்காந்துருக்கற எடம் பாத்தீங்கன்னா வெளிச்சம் போற ரோட்டு நடுவுல. வெயில்ல போனா பாப்பா சுருங்கும், சுருங்குனா மிச்சம் இருக்கற சின்ன வழியும் அந்தத் தூள் இருக்கற எடமாத்தான் இருக்கும், அதனால பட்டப்பகல்ல மங்கும், சாயங்காலம் பரவால்லைம்பாங்க. கேக்கறவங்களுக்கு இது பொய் சொல்ற மாதிரியே இருக்கும். கிட்டக்க படிக்கறதும் கஷ்டம், ஏன்னா கிட்டக்க பாக்கறப்பவும் பாப்பா சுருங்கும். சக்கரை இருக்கறவங்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து ரொம்ப நாளு எடுத்தவங்களுக்கும் இது அதிகமா வரும், 40 வயசுலயே வரும், மத்ததவிட வேகமாவும் வளரும்.

இப்ப நம்பருக்கு வருவோம். ஒரே கண்ணுக்கு ரெண்டு ஆஸ்பத்திரில ரெண்டு நம்பர் போட்டுட்டாங்கன்னு சண்டைக்கு வர்றவங்க உண்டு. யாரும் தப்புப் பண்ணல, அளவுகோலு வேற. நம்ம ஊரு ஓபில பெரும்பாலும் 1ல இருந்து 4 வரைக்கும் கண்ணளவுல போடறதுதான், கொஞ்சம் கூடன்னா ஒரு பிளஸ். 2+ன்னா ரெண்டத் தாண்டிருச்சு மூணுக்கு இன்னும் வரலங்கற அர்த்தம். ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இது பத்தாதுல்ல, அதனால அமெரிக்காவுல பாஸ்டன்ல லியோ சைலாக்னு ஒரு டாக்டரும் அவரு கூட இருந்தவங்களும் சேந்து 1993ல லாக்ஸ் 3னு ஒரு முறைய வெளியிட்டாங்க. அதுல மாதிரி போட்டோக்கள் இருக்கும், கொட்டைக்கு 6, சதைக்கு 5, பின்தோலுக்கு 5. பேஷண்டு கண்ண பாக்கணும், போட்டோவ பாக்கணும், எதுக்கும் எதுக்கும் நடுவுல இருக்குதுன்னு பாத்து 3.4, 2.7ன்னு புள்ளி வெச்சு போடணும். கொட்டைக்கு 0.1ல ஆரம்பிச்சு 6.9 வரைக்கும், மத்த ரெண்டுக்கும் 5.9 வரைக்கும் போகும். கொட்டைக்கே கலருக்கு ஒண்ணு மங்கலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு மார்க்கு. பெயிண்ட் கடைல அட்டைய வெச்சு செவுத்து கலர் மேட்ச் பண்றாங்கல்ல, அதேதான்.

உலக சுகாதார நிறுவனத்துக்காரங்க இதயே இன்னும் சுலபமாக்கி, பெரிய பெரிய கேம்ப்லயும் போடற மாதிரி 3 கிரேடுக்குள்ள அடக்கி ஒண்ணு வெச்சுருக்காங்க. அதுல பின்தோல் புரைய மில்லிமீட்டர்ல அளப்பாங்க, 1 மில்லிமீட்டர்ல இருந்து 2க்குள்ளன்னா ஒண்ணு, 2ல இருந்து 3க்குள்ளன்னா ரெண்டு, 3ம் அதுக்கு மேலயும்னா மூணு. ஆக லாக்ஸ்ல 3ங்கறது நடுத்தரம், இதுல 3ங்கறது கடைசி. நம்பர மட்டும் போன்ல சொல்லி "இது பரவால்லையா"ன்னு கேட்டா நான் என்னத்த சொல்றது. எந்த அளவுகோல்னு தெரியாம சொல்ற கிரேடு, லிட்டரா படியான்னு சொல்லாம "ரெண்டு குடுங்க"ன்னு கேக்கற மாதிரி. அது போக, ஒரே அளவுகோல்ல ஒரே கண்ண ரெண்டு பேரு பாத்தாலும் அரை நம்பர் முன்னப்பின்ன வரும், அதுல ஒண்ணும் அதிசயம் இல்ல.

ரெண்டு பேரு கதைய சொன்னா கிரேடுக்கும் கஷ்டத்துக்கும் எவ்வளவு தூரம்னு புரியும்.

எங்க அமுச்சி மாதிரி ஒரு பாட்டி, 72 வயசு, வாசல்ல உக்காந்து பூக் கட்டி விக்கறது. ரெண்டு கண்லயும் என்எஸ் 3. ஆனா அது சந்தோசமா சொல்லுது, "சாமி, பத்து வருசமா போட்ட கண்ணாடிய இப்ப கழட்டி வெச்சுட்டேன், கண்ணாடி இல்லாமயே ஊசி கோக்கறேன், எனக்கு பார்வ திரும்பி வந்துருச்சு"ன்னு. திரும்பி வரல. கொட்டை கெட்டியாக கெட்டியாக லென்சோட பவர் கூடும், கிட்டப்பார்வை பக்கமா சாயும், அதனால கிட்டக்க இருக்கறது கொஞ்ச நாளைக்கு நல்லா தெரியும், தூரத்துல பஸ் போர்டு தெரியாது. பாட்டி எங்க பஸ் ஏறப்போவுது, அதுக்கு அந்தக் கொறையே தெரியல.

இன்னொருத்தரு சித்தூர்ப் பக்கம் தென்னைல கள்ளு எறக்கறவரு, 46 வயசு, வீசிங்குக்கு வருசக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை தின்னவரு. பிஎஸ்சி 1+தான், ஒரு மில்லிமீட்டர்னு வெச்சுக்குங்க. ஆளு கண்ணுல தண்ணி விடறாரு. "வெயில்ல மட்டைக்கு நடுவுல அண்ணாந்து பாத்தா எல்லாம் வெள்ளையாயிருதுங்க, கால எங்க வெக்கறதுன்னு தெரியல, ராத்திரி வண்டி ஓட்டுனா எதுத்தாப்புல லாரி வந்தா ரோடே காணாம போயிருது"ங்கறாரு. இருட்டு ரூம்ல போர்டு படிக்க வெச்சா 6/9 வரைக்கும் படிச்சுட்டாரு. 6/9ன்னா, நல்ல கண்ணு 9 மீட்டர்ல படிக்கறத இவரு 6 மீட்டர்லதான் படிக்கறாரு, காகிதத்துல பெரிய கொறையே இல்ல. ஆனா தென்னைமரம் ஏறற மனுசனுக்கு அந்த 1+ உசுரு விசயம். நம்பர் 3 வெச்ச பாட்டிக்கு அவசரமில்ல, நம்பர் 1 வெச்ச இவருக்குத்தான் சீக்கிரம் பண்ணுனாங்க.

அப்ப கிரேடு எதுக்குன்னு கேட்டீங்கன்னா, முக்கியமா ஆபரேசன் பண்றவருக்கு. கொட்டை எவ்வளவு கெட்டின்னு தெரிஞ்சாத்தான் அவரு எந்த வழில போறதுன்னு முடிவு பண்ணுவாரு. பேக்கோன்னு சொல்றாங்கல்ல, 1967ல சார்லஸ் கெல்மன் கண்டுபுடிச்சது, ரெண்டு மூணு மில்லிமீட்டர் கீறல் வழியா ஊசிய விட்டு அல்ட்ராசவுண்ட் அதிர்வுல லென்ச பொடிச்சு உறிஞ்சறது. கொட்டை 1, 2ன்னா நுங்கு மாதிரி சுலபமா வந்துரும். 4ன்னா பொடிக்க ரொம்ப சக்தி வேணும், அந்த அதிர்வும் சூடும் பக்கத்துல இருக்கற கார்னியாவோட உள்பக்க செல்லுகள அடிச்சுரும், போன செல்லு திரும்ப மொளைக்காது. அதனால ரொம்ப கெட்டியானதுக்கு நெறையா டாக்டருங்க எஸ்ஐசிஎஸ்னு கொஞ்சம் பெரிய கீறலா போட்டு, கொட்டைய முழுசாவே வெளிய எடுக்கற மொறைக்கு போவாங்க. அதுலயும் தையல் இல்லாமதான் பெரும்பாலும் முடியுது, பார்வையும் நல்லாவே வருது, யாரோ "பழைய மொறை"ன்னு சொன்னதுக்காக மூஞ்ச சுளிக்காதீங்க. வருசா வருசம் போறவங்களுக்கு போன தடவ 1, இந்தத் தடவ 2+ன்னு எவ்வளவு வேகமா போவுதுன்னு தெரிஞ்சுக்கவும் இது ஒதவும்.

"நல்லா பழுக்கட்டும், அப்பறம் பண்ணலாம்"னு ஒரு பேச்சு இன்னும் எங்க பக்கம் இருக்குது. அது அந்தக் காலத்துக்கு சரிதான், அப்ப முழு லென்சயும் உருவி எடுத்துட்டு சோடாபுட்டி கண்ணாடி குடுத்து அனுப்புவாங்க, பழுத்தாத்தான் உருவறது சுலபம், கொஞ்சம் பார்வ இருக்கறப்ப பண்ணுனா நஷ்டம்தான். இப்ப உள்ளயே லென்ஸ் வெச்சுடறாங்க, பழுக்க வெக்க இது என்ன வாழத்தாரா.

இந்த எடத்துலதான் சித்தியோட இடது கண்ணு வருது. எஸ்எம்சின்னா சினைல் மெச்சூர் கேட்டராக்ட், வயசுனால வந்து முழுசா பழுத்தது. ஐஎம்சின்னு இருந்தா இன்னும் பழுக்கல, எச்எம்சின்னா பழுத்து அழுக ஆரம்பிச்சுருச்சு. முழுசா வெள்ளையாயிட்டா இந்த 1, 2, 3க்கெல்லாம் வேலையில்ல, கொட்டையே கண்ணுக்குத் தெரியாதே.

ஞாயித்துக்கெழம நேரா வேலந்தாவளத்துக்கே போயிட்டேன். சித்திய உள்ரூம்ல இருட்டுல உக்கார வெச்சு பென் டார்ச்ச பக்கவாட்டுல இருந்து அடிச்சேன். வலது கண்ணுல பாப்பா ஓரத்துல பிறை நெலா மாதிரி ஒரு நெழல் விழுந்துச்சு. அது கருவிழித் திரையோட நெழலு, மங்குன எடத்துக்கும் திரைக்கும் நடுவுல இன்னும் தெளிவான லென்ஸ் மிச்சம் இருக்குதுன்னு அர்த்தம். இடது கண்ணுல நெழலே இல்ல, பாப்பா பூராவும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ள. வெரலக் காட்டுனேன், தெரியல. கைய ஆட்டுனா ஆடறது தெரியுதுன்னாங்க. அப்பறம் டார்ச்ச மேல, கீழ, ரெண்டு பக்கம்னு நாலு எடத்துல இருந்தும் அடிச்சு "எங்கிருந்து வருது சித்தி"ன்னு கேட்டேன், நாலும் கரெக்டா சொல்லிட்டாங்க. உள்ள விழித்திரை வேல செய்யறதுக்கு அது நல்ல அறிகுறி, முழு உறுதி இல்ல, வெள்ளையாயிட்டதால டாக்டரு உள்ள பாக்க முடியாது, பி ஸ்கேன்னு கண்ணுக்கு எடுக்கற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பாப்பாங்க.

தம்பிய வெளிய கூட்டிட்டு வந்து சொன்னேன், வலது கண்ணு 2+ அது பாட்டுக்கு இருக்கட்டும், இடதத் தள்ளிப் போடாத, பழுத்த லென்சு சில சமயம் தண்ணி ஏறி உப்பும், இல்லைன்னா உள்ள கரைஞ்சு ஒழுகும், எது ஆனாலும் கண்ணுக்குள்ள பிரசர் ஏறி ஒரு நாள் ராத்திரி தலவலி வாந்தியோட கண்ணு ரத்தமா செவந்து நிக்கும், அன்னிக்கு விடியற வரைக்கும் கூட காத்திருக்கக்கூடாதுன்னு. அவன் தலைய ஆட்டிட்டு, "அப்ப ஸ்டேஜ் எல்லாம் இல்லீங்களா ண்ணா"ன்னான்.

உள்ள இருந்து சித்தி சத்தம் போட்டாங்க, "கண்ணு, அந்த டார்ச்ச வெச்சுட்டுப் போ, நம்ம வீட்டுது எரிய மாட்டீங்குது"ன்னு.